தப்பு தொட்டி மேல

பிரியா, சந்துரு, இது உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்காமல் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மோட்டாரை அணைக்க மறந்ததில் மாடி டேங்க் வழிந்து, கீழ் வீட்டில் காயப்போட்டிருந்த வத்தல் முழுக்க நனைந்துபோனது. நான் தெருவுக்கே கேட்கும்படி திட்டினேன். சந்துரு சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். அப்புறம் உட்கார்ந்து டீ குடிக்கும்போது எனக்கு ஒரு அக்கா ஞாபகம் வந்தார். அவர் அன்றைக்கு நம் வீட்டில் இருந்திருந்தால் உங்கள் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். நேராகப் போய் மோட்டார் ஸ்விட்ச்சுக்கு முன்னால் நின்றிருப்பார். ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. டேங்க் மொட்டை மாடியில். தண்ணீர் வழிகிற சத்தம் பின்பக்கம். நீங்கள் டிவி பார்ப்பது முன் அறையில். "இதுல புள்ளைங்க இன்னா பண்ணும் நைனா?" என்று என்னைத்தான் கேட்டிருப்பார்.

உங்களுக்கு அந்த அக்காவைத் தெரியாது. சந்துரு அப்போது பிறக்கவே இல்லை. பிரியா, உன்னை ஒரு தடவை அவர் தூக்கியிருக்கிறார். நீ அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே போட்டாய். உன் அம்மா உன்னை அடிக்கக் கை ஓங்கினாள். அக்கா தடுத்துவிட்டு, கண்ணாடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இழுத்தால் கழன்று வருகிற மாதிரி இருந்தால் குழந்தை இழுக்கத்தான் செய்யும் என்றார். மறுநாள் பார்த்தால் கண்ணாடியில் ஜன்னல் திரை கட்டுகிற கயிற்றை மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் கூச்சப்படுவார்.

அப்போது நான் சாத்தாங்காட்டுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கெட், மக்கு, குடம், முறம் எல்லாம் அங்கே செய்வார்கள். மெஷினிலிருந்து சூடாக வந்து விழும் பக்கெட்டின் விளிம்பில் பிசிர் ஒட்டியிருக்கும். அந்தப் பிசிரைப் பிளேடால் சீவி, விரிசல் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் ரிஜெக்டை ஒரு பக்கமும் பிரித்துப் போடுவது அக்காவின் வேலை. ஒல்லியான ஆள். புடவைக்கு மேல் கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. வலது கட்டைவிரலில் எப்போதும் ஒரு துணிச் சுற்று.

நான் சேர்ந்த இரண்டாம் நாளே வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்துவிட்டேன். செக்யூரிட்டியும் சூப்பர்வைசரும் சேர்ந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த டிரைவரும் அதே தூணில்தான் இடித்தானாம். அவனுக்குப் போட்ட பேச்சும் சேர்த்து எனக்கு விழுந்தது. அக்கா பிளேடோடு வெளியே வந்து, யாரையும் கேட்காமல் என் வண்டியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார். இறங்கினார்.

"தூணு கண்ணாடில தெரிஞ்சுதா உனக்கு?"

தெரியவில்லை என்றேன்.

"எனக்கும் தெரியல. அப்ப உன்ன இன்னாத்துக்குத் திட்டிகினு கீறானுங்க?"

ஒரு ரிஜெக்ட் பக்கெட் மூடியை எடுத்துத் தூணில் உயரமாகக் கட்டினார். சிவப்பு மூடி. அதற்கப்புறம் நான் அங்கே இருந்தவரை அந்தத் தூணில் யாரும் இடிக்கவில்லை.

அவருடைய குணமே இதுதான். எது உடைந்தாலும் எது கொட்டினாலும், மற்றவர்கள் ஆளைத் தேடும்போது அவர் பொருளுக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். மெஷினுக்குப் போடுகிற பிளாஸ்டிக் குருணை தரையில் சிந்தி ஒருத்தன் வழுக்கி விழுந்தால், விழுந்தவனைத் தூக்கிவிட்ட கையோடு மூட்டை எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று பார்ப்பார். டீ கிளாஸ் உடைந்தால் தட்டு சாய்வாக இருக்கிறதா என்று பார்ப்பார். அவரைக் கிண்டலாக "இன்ஜினீயரம்மா" என்பார்கள். அவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டதே இல்லை. கூப்பிட்டால் என்ன என்று கேட்டு வருவார்.

உங்கள் அம்மாவுக்கு மட்டும் இந்தக் குணத்தின் மேல் ஒரு கோபம் உண்டு. காரணம் அக்காவின் வீட்டுக்காரர். நல்ல வெல்டர், ஆனால் குடி. வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே கடை. அக்கா என்ன செய்தார் தெரியுமா, அவரை ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி மார்க்கெட் வழியாக நடந்து வரச் சொன்னார். வழியில் வீட்டுக்குக் காய் வாங்கி வர ஒரு பையையும் கொடுத்துவிட்டார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தால் கடைக்குள் போகக் கூச்சமாக இருக்கும் என்பது கணக்கு. வாரத்தில் ஆறு நாளில் நாலு நாள் அது பலித்தது. உங்கள் அம்மா கேட்டாள், எல்லாப் பழியையும் பஸ் ஸ்டாப் மேல் போட்டால் ஆம்பளைகள் சுலபமாகத் தப்பித்துக்கொள்வார்களே என்று. அக்கா சிரிக்கவில்லை.

"பதினஞ்சு வருசம் ஆளைத் திட்டிப் பாத்தேம்மா. ஸ்டாப்ப மாத்தி ரெண்டு வருசம்தான் ஆவுது. எது வேலை செஞ்சுதுன்னு நீயே சொல்லு."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டாள். கேட்டுப் பாருங்கள்.

இப்போது தொட்டிக் கதைக்கு வருகிறேன்.

அக்கா எர்ணாவூரில் ஹவுசிங் போர்டு வீட்டில் மூன்றாவது மாடியில் இருந்தார். பால்கனி என்று பெயருக்கு ஒரு இடம். அதில் கொஞ்சம் செடி. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், இவருக்கோ சில வாரம் டபுள் ஷிப்ட். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு ஒருமுறை ஊருக்குப் போனார். அந்தப் பெண் மறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது தக்காளியும் கத்திரியும் கருகிக் கிடந்தன. அந்தப் பெண் அழுகிற மாதிரி நின்றாளாம். அக்கா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். செடிக்குத் தாகம் எடுப்பது தொட்டிக்குத்தானே முதலில் தெரியும், அப்புறம் எதற்கு ஒரு மனுஷி ஞாபகம் வைத்துக்கொண்டு ஊற்ற வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

அடுத்த வாரத்திலிருந்து கம்பெனியில் கழித்துப் போட்ட பக்கெட்டுகள் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தன. என் வண்டியில்தான். பக்கெட்டுக்குள் ஒரு தட்டை இறக்கி, தட்டுக்கு மேல் மண், தட்டுக்குக் கீழ் தண்ணீர் என்று இரண்டு மாடியாகப் பிரித்தார். கீழே இருக்கிற தண்ணீர் மேலே இருக்கிற மண்ணுக்கு ஏற வேண்டும். அதற்குத் திரி. முதலில் பழைய லுங்கியைக் கிழித்துத் திரி போட்டார். நன்றாக உறிஞ்சியது, இரண்டே மாதத்தில் மக்கி அறுந்தது. காசிமேட்டிலிருந்து நான் நைலான் வலைக் கயிறு கொண்டுவந்து கொடுத்தேன். அது ஒரு சொட்டுக்கூட உறிஞ்சவில்லை. மீன் பிடிக்க நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கிற கயிறு, செடிக்கு மட்டும் தண்ணீர் தூக்காதாம் என்று என்னைக் கேலி செய்தார். கடைசியில் திரியே வேண்டாம் என்று முடிவு செய்தார். தட்டின் நடுவில் ஒரு தயிர் டப்பாவைப் பொருத்தி, சுற்றிலும் ஓட்டை போட்டு, தேங்காய் நார்த்தூளும் மண்ணும் கலந்து அடைத்தார். அந்த டப்பா மட்டும் கீழே இறங்கித் தண்ணீரில் நிற்கும். அதற்குக் "காலு" என்று பேர் வைத்தார். செடி தண்ணீரில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பதாக.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய, தீர்ந்துபோன ரீஃபில் குழாயின் அடியில் ஒரு தெர்மோகோல் துண்டு. தண்ணீர் இருந்தால் ரீஃபில் மேலே எட்டிப் பார்க்கும், குறைந்தால் உள்ளே போய்விடும். அதிகமாக ஊற்றினால் வேர் அழுகாமல் இருக்க, பக்கவாட்டில் தட்டு உயரத்துக்கு ஒரு வழிவு ஓட்டை.

கார்ப்பரேஷனிலிருந்து கொசு பார்க்க வருவார்களே, ஒருநாள் அப்படி வந்தவர் பால்கனியில் இவ்வளவு தண்ணீரா என்று நாலு தொட்டியையும் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மாடியே கொந்தளித்தது. அக்கா மட்டும் அந்த ஆளுக்குப் பரிந்து பேசினார். உள்ளே கொசு போக முடியாது என்று தொட்டியைப் பார்த்தால் தெரியவில்லையே, அவர் என்ன செய்வார். கீழறைக்குத் தண்ணீர் ஊற்ற ஓரத்தில் விட்டிருந்த வாய்க்கு ஒரு மூடியும், வழிவு ஓட்டைக்குக் கொசுவலைத் துண்டும் அப்போது வந்தவை.

பின்பக்கம் ஒரு கொக்கி வைத்தார். பால்கனிக் கம்பியில் மாட்டலாம், மாடிப்படியில் வைக்கலாம், தோட்டம் இருக்கிறவன் தரையில் வைக்கலாம். காலியாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். இடம் இல்லாத ஊரில் ஒரு பொருள் ஒரே இடத்தில்தான் நிற்பேன் என்று அடம் பிடித்தால் அதை யார் வாங்குவார்கள் என்பார். வாங்குவார்கள் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அக்கா பால்கனிக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. கம்பெனியில் இதற்கு ஒரு மோல்டு, அதாவது அச்சு, வெட்ட வேண்டும், மெஷினிலிருந்து அது சூடாக வந்து விழ வேண்டும், அதன் பிசிரை அவரே சீவ வேண்டும். இருபது வருடமாக மற்றவர்கள் யோசித்த பொருளின் பிசிரையே சீவிய கை அது.

எங்கள் முதலாளி ராயபுரத்துக்காரர். எல்லோரும் பாய் என்போம். அவரும் அவர் வீட்டம்மாவும் அந்த வருடம் ஹஜ்ஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வெளியூர் போகும்போதெல்லாம் மொட்டை மாடிச் செடிகள் காய்ந்துபோவது வழக்கம். அந்த அம்மாவுக்கு அது பெரிய குறை. அக்கா சமயம் பார்த்துப் பாயிடம் பேசினார். பாய் வியாபாரி, ஆனால் நியாயமானவர். மோல்டு வெட்டுவது பெரிய செலவு என்று எடுத்துச் சொல்லிவிட்டு ஒரு பந்தயம் மாதிரி வைத்தார்.

"பத்துத் தொட்டி என் மாடில வெய்யிம்மா. நாப்பது நாள் கழிச்சு வந்து பாப்பேன். செடி நல்லா இருந்துச்சுன்னா மோல்டு வெட்டலாம். இல்லன்னா இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடணும்."

அக்கா சரி என்றார். அந்த அம்மாவின் ரோஜா, புதினா, மிளகாய், மல்லிகை எல்லாவற்றையும் பத்துத் தொட்டியில் மாற்றி நட்டார். ஒருமுறை நிரப்பினால் பத்து நாள் தாங்கும். நடுவில் மூன்று முறை மட்டும் நிரப்ப வேண்டும். என் வண்டி தினமும் ராயபுரம் வழியாகத்தான் போகும் என்பதால் மாடிச் சாவி என்னிடம் வந்தது. மாடியில் நீல டிரம்மில் குடிக்கிற மெட்ரோ தண்ணீர் இருக்கும், அதை ஊற்று என்று அக்கா சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

முதல் தடவை ஒழுங்காக ஊற்றினேன். இரண்டாம் தடவை போனபோது டிரம் காலி. வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் பிடித்து வைப்பார்கள்? அன்றைக்குக் கும்மிடிப்பூண்டிக்கு லோடு. பக்கத்துத் தெருவிலிருந்து நாலு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கி மூன்று மாடி ஏற வேண்டும். எதிரிலேயே போர்வெல் குழாய் இருந்தது. திருகினால் கொட்டியது. தண்ணீர்தானே என்று பத்துத் தொட்டியிலும் அதையே நிரப்பிவிட்டு ஓடிவிட்டேன். ராயபுரத்து போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். செடிக்கு வாய் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவையும் அதுதான்.

பாய் திரும்பி வந்த மறுநாள் எங்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அப்படியே மாடிக்குப் போனோம். புதினா கருகியிருந்தது. ரோஜா இலையின் ஓரமெல்லாம் நெருப்பில் காட்டிய காகிதம் மாதிரி இருந்தது. மண்ணுக்கு மேல் வெள்ளையாக ஒரு ஏடு படிந்திருந்தது. பாயின் வீட்டம்மா பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் முந்திக்கொண்டேன். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் இது, காற்று இந்தப் பக்கம் அடித்தால் எல்லார் மாடியிலும் இப்படித்தான் என்றேன். சாம்பல் மேல் பழி போட்டால் நம் பக்கத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள் அல்லவா?

அக்கா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சாம்பல் கரிக்காது நைனா" என்றார். அப்புறம் எழுந்து பாயைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பு தொட்டி மேல, பாய்."

பாய் புரியாமல் பார்த்தார்.

"இந்த ஊர்ல பாதி நாளு போர் தண்ணிதான். நல்ல தண்ணி இல்லன்னா மனுசன் இத்ததான் ஊத்துவான், நானா இருந்தாலும் ஊத்துவேன். மேலருந்து ஊத்துனா உப்பு கீழ எறங்கி வெளிய போயிடும். நான் கீழருந்து குடிக்க வெச்சிட்டேன். தண்ணி ஏறிக் காஞ்சிடுது, உப்பு மேலயே தங்கிடுது. அது போவறதுக்கு நான் வழி வெக்கல."

அடியில் ஒரு ஓட்டையும் அதற்கு ஒரு ரப்பர் அடைப்பும் வைத்தால் போதும் என்றார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அடைப்பை எடுத்துவிட்டு மேலேயிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். மழைக்காலத்தில் அடைப்பைத் திறந்து வைத்தால் அதுவும் வேண்டாம். பாய் கேட்டுக்கொண்டார். ஓட்டைக்கு மோல்டில் தனி வேலை, ரப்பர் வெளியில் வாங்க வேண்டும், மாட்ட ஒரு ஆள் வேண்டும். பந்தயம் பந்தயம்தான், நாம் பக்கெட்டே செய்வோம்மா என்று தன்மையாகச் சொல்லி முடித்துவிட்டார்.

படியில் இறங்கும்போது அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ வாயத் தொறக்காத. சொன்னேன்னு வெச்சுக்கோ, தொட்டிய வுட்டுட்டு உன்ன ரிப்பேர் பண்ணிகினு இருப்பாங்க."

என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் பாய் ஆபீஸ் திறந்ததும் போய் நின்று, அக்கா மேல் தப்பே இல்லை, போர் தண்ணீரை ஊற்றியது நான்தான், வேண்டுமானால் என்னை வேலையை விட்டு எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாய் கோபப்படவில்லை. முகமே மலர்ந்தது.

"அப்ப தொட்டி நல்லாத்தான் இருக்கு? ஆளுதான் சரியில்லையா?"

அன்றைக்கே மோல்டுக்குச் சொல்லிவிட்டார். முதலில் செய்த மாதிரியே. அடியில் ஓட்டை கிடையாது, ரப்பர் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கர். 'நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றவும்.'

நான் இனிப்பு கொண்டுபோகிறவன் மாதிரி அக்காவிடம் ஓடினேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், தொட்டி வரப்போகிறது என்றேன். அவர் பிளேடைக் கீழே வைத்தார். ஸ்டிக்கரில் என்ன எழுதப் போகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு டீ வந்தது, குடித்தோம். டீ முடிந்த பிறகும் அவர் பிளேடைக் கையில் எடுக்கவில்லை. அவர் வேலையில் கை வைக்காமல் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. என்னைத் திட்டிவிடுங்கக்கா என்றேன்.

"உன்ன இன்னாத்துக்கு? அந்த ஓட்டைய நான் தனியா ஒட்ட வெச்சிருந்தேன் பாரு, அங்கதான் கோட்டை வுட்டேன். வாணாம்னு எடுத்துப் போடுற மாதிரி இருந்துது, எடுத்துட்டாங்க. எடுக்க முடியாத மாதிரி இல்ல வெச்சிருக்கணும்?"

அடுத்த வாரம் அம்பத்தூரில் மோல்டு வெட்டுகிற பட்டறைக்கு என் வண்டியில் வந்தார். அங்கேயும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பட்டறைக்காரரோடு ஒரு மணி நேரம் பேசினார். தொட்டியின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டில், ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தில் மட்டும் பிளாஸ்டிக் மெல்லிசாக விழும். வேண்டாதவன் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வேண்டியவன் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு அழுத்து அழுத்தினால் ஓட்டை வந்துவிடும். தனிச் செலவு ஏதும் இல்லை. பாயிடம் கேட்டபோது, செலவு இல்லையென்றால் என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள் என்றுவிட்டார்.

முதல் தொட்டி மெஷினிலிருந்து விழுந்த அன்று அதன் பிசிரை அக்காதான் சீவினார். செங்கல் கலர். மெதுவாக, காய் நறுக்குகிற மாதிரி இல்லாமல் குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி சீவினார். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று விளிம்பைத் தடவிப் பார்த்தார். சூப்பர்வைசர் அடுத்தது விழுந்துவிட்டது என்று சத்தம் போட்டார். சிரித்துக்கொண்டே கீழே வைத்தார்.

மாலையில் பேக்கிங்கில் போய்ப் பார்த்தால் ஒரு கூத்து. பெண்கள் எல்லாத் தொட்டியிலும் ஸ்டிக்கரை அந்த வட்டத்துக்கு மேலேயே ஒட்டிவைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஸ்டிக்கர் ஒட்டத்தானே வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வட்டம் போட்டு வைத்தால் யாருக்குமே ஒட்டத்தான் தோன்றும், அடுத்த தடவை அதைச் சதுரமாக்க வேண்டும் என்றார்.

அடுத்த தடவை வரவில்லை. வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை கிடைத்து, அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். சாமான் ஏற்றியது என் வண்டிதான். கொஞ்ச நாள் போனில் பேசினோம். அப்புறம் நம்பர் மாறிவிட்டது. நானும் பாயிடமிருந்து விலகிச் சொந்த வண்டி எடுத்தேன். தொட்டி மட்டும் நன்றாகப் போகிறது. பாரிமுனையில் தொங்குகிறது, மணலியில் தொங்குகிறது. எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் அதே இடத்தில்தான்.

போன மாதம் அத்திப்பட்டுக்கு ஒரு லோடு கொண்டுபோனேன். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடை நடத்துவது ஒரு பெண். வாசல் கம்பியில் அந்தச் செங்கல் கலர் தொட்டி. அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்று, பாதி மொட்டை. மண்ணின் மேல் வெள்ளை ஏடு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தானாகவே சொன்னார், இதோடு மூன்றாவது கன்று என்று.

"அதுல எழுதிக் கீது பாருண்ணே, நல்ல தண்ணி ஊத்தணுமாம். குடிக்கவே கேன் வாங்குறோம், நான் எங்க போவேன்? என் கை ராசியில்லாத கை. எங்க மாமியாரும் அதையேதான் சொல்லும்."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

லோடு இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பி வந்தபோது கடையில் தட்டி இறக்கியிருந்தது. சாப்பிடப் போயிருப்பார்கள். ரோட்டில் யாரும் இல்லை. நான் வண்டியை ஓரம் கட்டினேன். தொட்டியைக் கம்பியிலிருந்து இறக்கி, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தேன். வெயிலில் காய்ந்து பிய்ந்து பிய்ந்துதான் வந்தது. வட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு அழுத்து. பட்டென்று விட்டது. பழுப்பாகத் தண்ணீர் என் காலில் கொட்டியது. வண்டியில் எனக்குக் குடிக்க வைத்திருந்த கேனை எடுத்து, மண்ணுக்கு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, அது முழுசாகத் தீருகிறவரை ஊற்றினேன். வெள்ளை ஏடு கரைந்து உள்ளே போனது. கீழே வந்த தண்ணீர் மெல்லத் தெளிந்தது. பழைய டயர் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுருட்டி, ஓட்டையில் செருகி, தொட்டியை மறுபடி கம்பியில் மாட்டி, நுனியை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி விட்டேன். பார்த்ததும் யாருக்கும் இழுத்துப் பார்க்கத் தோன்றுகிற மாதிரி.